வேதகிரி வீட்டு முறை

ஓணான்மலையை மலை என்று சொன்னால் நிஜமான மலைக்காரர்கள் சிரிப்பார்கள். உத்திரமேரூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவன் ஒரு கொட்டாவி விடுவதற்குள் அது கடந்து போய்விடும். ஆனால் கல்லேரிப்பட்டுக்காரனிடம் போய் அதைக் குன்று என்று சொல்லிப் பாருங்கள், சண்டைக்கு வருவான். வராமல் என்ன செய்வான்? அந்த மலையில் விழுகிற மழைதான் ஓடைகளில் இறங்கி ஊர் ஏரிக்கு வரவேண்டும். ஏரி நிறைந்தால்தான் சம்பா, இல்லாவிட்டால் பட்டணத்துக்குக் கூலி வேலை.

தொண்ணூற்றொன்பதாம் வருஷம் அந்த மலை மொட்டையாகக் கிடந்தது. யாரோ வந்து மொட்டையடித்துவிட்டுப் போகவில்லை. ஊர்க்காரர்களே வெட்டி, ஊர் ஆடுகளே மேய்ந்து, மிச்சமிருந்த வேரையும் அடுப்புக்கென்று தோண்டி எடுத்த மொட்டை. மழை பெய்தால் தண்ணீரும் மண்ணுமாக ஒரே மூச்சில் இறங்கும். ஏரி வருஷத்துக்கு வருஷம் மேடாகிக்கொண்டே வந்து, பொங்கல் பானை இறக்குவதற்குள் காய்ந்துவிடும்.

அப்போதுதான் வனத்துறையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். மலையை நாங்கள் மட்டும் காக்க முடியாது, ஊர்தான் காக்கவேண்டும் என்றார்கள். மூன்று வருஷம் ஆடும் அரிவாளும் மலையில் ஏறக்கூடாது. முதல் கட்டமாக ஓடைகளில் கல் தடுப்பு, கன்று நடவு. ஊர் ஒழுங்காகக் காத்தது என்று தெரிந்தால் இரண்டாம் கட்டம்: ஏரியைத் தூர்வாரிக் கரையை உயர்த்தித் தருவார்கள், மலையின் புல்லிலும் புளியிலும் விறகிலும் உறுப்பினர்களுக்குப் பங்கும் உண்டு. இதற்காகக் கிராம வன மன்றம் என்று ஒன்று ஆரம்பித்தார்கள். தலைவராக வேதகிரியைத் தேர்ந்தெடுத்தார்கள்.

வேதகிரிக்கு ஏரிப் பாசனத்தில் ஐந்து ஏக்கர். கனத்த குரல், கனத்த மீசை, பொதுக் காரியம் என்றால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் நிற்கிற ஆள். காவலுக்கு வழி கண்டுபிடித்தவரும் அவர்தான். நல்ல யோசனை, அதை மறைப்பானேன்? பூவரசங் கழி ஒன்றைச் சீவி, முனையில் பித்தளைப் பூண் போட்டு, முறைக்கழி என்று பேர் வைத்தார். இன்று யார் வீட்டு வாசலில் கழி சாத்தியிருக்கிறதோ, இன்று மலைக்காவல் அந்த வீட்டுக்கு. காலையில் ஏறி, பொழுது சாயும்போது இறங்கி, கழியை அடுத்த வீட்டில் சாத்திவிட வேண்டும். ஊரும் காலனியும் சேர்ந்து தொண்ணூற்றாறு வீடு. வருஷத்துக்கு நாலு நாள் ஏறினால் போதும். மன்றத்துச் செயலாளர் காலனிப் பையன் பீட்டர். அவன் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். தினமும் எந்த வீட்டு முறை, மலையில் என்ன விசேஷம் என்று அவன் ஒரு நோட்டில் எழுதவேண்டும் என்று ஏற்பாடு.

மலையடியில் இருளர் வீடு பதினொன்று இருந்தது. அந்தப் பதினொன்றும் இந்தத் தொண்ணூற்றாறில் இல்லை. பீட்டர் ரேஷன் கார்டைப் பார்த்துப் பட்டியல் எழுதினான், அவர்களுக்குக் கார்டு கிடையாது, அவ்வளவுதான். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. கெட்ட எண்ணத்தில் செய்திருந்தாலாவது யாராவது தட்டிக் கேட்டிருப்பார்கள்.

கேட்டது அந்தப் பதினொன்றில் ஒரு வீட்டுக்காரியான கங்கம்மாள்தான். நாற்பது வயசிருக்கும், ஒல்லி உடம்பு, கூட்டத்தில் குரலை உயர்த்தத் தெரியாதவள். கூட்டம் முடிந்து எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது வேதகிரியிடம் வந்து நின்றாள்.

"நைனா, மலை அடியில கீறது நாங்கதான். எங்க பேர எழுதல. நாளைக்கி உறுப்பினர் இல்லாதவன் மலைக்குப் போவாதன்னு சொல்லிட்டா, நாங்க மூட்டை கட்டிக்கினு செங்கல் சூளைக்குத்தான் போவணும்."

கார்டு வரட்டும், முதல் பேராக உன் பேரை எழுதுகிறேன் என்றார் வேதகிரி. மனசாரத்தான் சொன்னார். கார்டு இல்லாதவர்களை மன்றத்தில் சேர்க்க ரூல் இல்லை என்றும் சொன்னார். அந்த ரூலை எங்கே படித்தார் என்று அன்று யாரும் கேட்கவில்லை.

முதல் சுற்று ஜோராகப் போயிற்று. ஆண்டாளம்மாள், அதாவது வேதகிரியின் சம்சாரம், கட்டுச்சோறு கட்டிக் கொடுத்து அனுப்ப, தலைவர் வீடு என்பதால் முதல் நாள் அவரே ஏறினார். ஆடிப் பெருக்கன்று ஆரம்பித்த கழி தொண்ணூற்றாறு வீடும் சுற்றி, ஐப்பசியில் மறுபடி அவர் வாசலுக்கு வந்தது. அன்றைக்கென்று அவர் கழனியில் நடவு. பதினைந்து பெண்கள் நாற்றைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள், இவர் கழியைத் தூக்கிக்கொண்டு மலையேற முடியுமா? கங்கம்மாளைக் கூப்பிட்டு, இரண்டு படி அரிசி தருகிறேன், இன்று ஒரு நாள் நீ போய்ப் பார்த்துக்கொள் என்றார். ஒரே ஒரு நாள்தானே என்று இருந்தது அவருக்கு.

தலைவரே செய்தால் ஊர் சும்மா இருக்குமா? அடுத்த வீட்டுக்காரனுக்கும் அன்று நடவு, அதற்கடுத்தவனுக்கு மாமியார் வீட்டில் காது குத்து, அதற்கடுத்தவனுக்கு ஒன்றுமே இல்லை, ஆனாலும் அனுப்பினான். வருஷத்துக்கு நாலே நாலு நாள், அதற்கும் ஆள் போட்ட ஊர் அது! தைக்குள் முறைக்கழி சுற்றுவதையே நிறுத்திவிட்டது. கங்கம்மாள் குடிசையில் நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. முறை வருகிற வீட்டிலிருந்து இரண்டு படி அரிசி மட்டும் மலையடிக்குப் போகும். பீட்டர் சனிக்கிழமை தோறும் உட்கார்ந்து ஏழு நாளுக்கும் சேர்த்து, நம்பும்படியாக நீலப் பேனா கறுப்புப் பேனா என்று மாற்றி மாற்றி, "இன்னார் வீடு, காவல் நடந்தது, விசேஷம் இல்லை" என்று எழுதிவிடுவான்.

விசேஷம் இல்லையாமே! எத்தனை விசேஷம் நடந்தது அந்த மலையில். கங்கம்மாளும் அவள் புருஷன் கேசவனும் பக்கத்துக் குடிசைச் சிட்டம்மாளும் கூலிக்குக் காவல் நின்றவர்கள் மாதிரியா நின்றார்கள்? வனத்துறை நட்ட கன்றில் பாதி காய்ந்ததும், அந்த இடத்திலெல்லாம் உசிலும் வெட்பாலையும் நுணாவும் விதை பொறுக்கி வந்து ஊன்றினார்கள். தடுப்புக் கட்டாமல் விட்டுப்போன சின்னச் சின்ன ஓடைகளில், வெள்ளம் கரையை அரிக்காமல் நடுவில் வழிந்து போகும்படி நடுவைத் தாழ்த்தி, தாங்களாகவே கல் அடுக்கினார்கள். மாற்றூர் ஆடு வந்தால் விரட்டினார்கள். யாரும் செய்யச் சொல்லவில்லை, இரண்டு படியை மூன்று படியாக்கவும் இல்லை. இதெல்லாம் ஊருக்குப் பின்னால்தான் தெரிந்தது. அப்போது தெரிந்ததெல்லாம், மலை பச்சை பிடிக்கிறது என்பதும், இரண்டாயிரத்தொன்றில் பங்குனி பிறந்தும் ஏரியில் தண்ணீர் நிற்கிறது என்பதும்தான். வேதகிரியின் கிணற்றில் கைக்கெட்டுகிற ஆழத்தில் தண்ணீர் நின்றது. உத்திரமேரூரில் ஒரு விழாவில் அவருக்கு மாலை போட்டார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முன்பே குடத்தில் ஓலை போட்டு ஆட்சி செய்த மண் இது, மக்கள் பங்கேற்பு எங்கள் ரத்தத்திலேயே இருக்கிறது என்று முழங்கிவிட்டு வந்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவருக்கே கொஞ்சம் நெஞ்சு உறுத்தியது. ஊர் வருவதற்குள் அது சரியாகிவிட்டது.

சித்திரையில் கடிதம் வந்தது. இரண்டாம் கட்டத்துக்குத் தகுதி பார்க்க ஆதிலட்சுமி என்கிற அதிகாரி வருகிறார், காவல் நோட்டைப் பார்ப்பார், அதில் பேர் உள்ள வீட்டுக்காரர்களோடு மலையேறி அவரவர் பார்த்ததைக் கேட்பார் என்று எழுதியிருந்தது. வேதகிரிக்கு வேர்த்துவிட்டது. ஏரி போய்விடுமே! இந்த ஏரி ஆழமானால்தான் ஊர் பிழைக்கும், அதற்காகத்தானே இரண்டு வருஷமாக அலைகிறோம் என்று ராத்திரியெல்லாம் புரண்டார். காலையில் எழுந்து நேரே கங்கம்மாள் குடிசைக்குப் போனார்.

ஊருக்கு மலையைச் சொல்லிக் கொடு என்று கேட்டார். கங்கம்மாள் சிரித்துவிட்டாள். ஆனாலும் ஒத்துக்கொண்டாள். நாலு நாள் அந்தக் கூத்து நடந்தது. மீசைக்காரர்களெல்லாம் இளைக்க இளைக்க அவள் பின்னால் ஏறினார்கள். இது பன்றிக்குழி ஓடை, இது தேன்பாறை, அது நெல்லிப்பள்ளம் என்று அவள் சொல்லச் சொல்ல, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி விரல் விட்டு மனப்பாடம் செய்தார்கள். நாலாம் நாள் இறங்கும்போது வேதகிரி அவளைத் தனியாக நிறுத்தினார். அதிகாரி வருகிற அன்று நீங்கள் பதினோரு வீடும் திருமுக்கூடலில் என் மச்சான் கொல்லைக்கு வேர்க்கடலை பிடுங்கப் போய்விடுங்கள், டிராக்டர் வைக்கிறேன், கூலி உண்டு என்றார். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"எங்கள ஒளிச்சி வெக்கிறீங்களா நைனா?"

கோபமாகக்கூடக் கேட்கவில்லை அவள். அப்படியில்லை, ஏரி வரட்டும், ஊர் நன்றாக இருந்தால் உங்களுக்கும்தானே என்று வேதகிரி ஏதேதோ குழறினார். அவள் சரி என்று தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஆண்டாளம்மாள் விஷயத்தைக் கேட்டுவிட்டு, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தால் சோறு எப்படி இறங்கும் என்று தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

அதிகாரி வந்தார். ஐம்பது வயசு, கான்வாஸ் ஷூ, அதிகம் பேசாத பெண்மணி. நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, போகலாமா என்று முன்னால் நடந்தார். முப்பது பேர் கூடவே ஏறினார்கள். பாதையில் நீட்டிக்கொண்டிருந்த காரமுள்ளையெல்லாம் யாரோ அன்று காலையில்தான் வெட்டி ஒதுக்கியிருந்தார்கள். வெட்டுவாயில் ஈரம் காயவில்லை. கங்கம்மாள்தான் டிராக்டர் ஏறுவதற்கு முன்னால் வந்து இதைச் செய்துவிட்டுப் போயிருக்கிறாள் என்று வேதகிரிக்குப் புரிந்தது. புரியாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

பன்றிக்குழி ஓடை என்றார்கள், தேன்பாறை என்றார்கள், பாடம் பிசகவில்லை. நெல்லிப்பள்ளத்தருகே ஆதிலட்சுமி நின்றார். ஓடையின் குறுக்கே அடுக்கியிருந்த கல்வரிசையைக் குனிந்து பார்த்தார். வரிசையின் இரண்டு பக்கமும் உயர்ந்து, நடுவில் தாழ்ந்திருந்தது. இது துறை கட்டியதில்லையே, நடுவில் ஏன் தாழ்த்தினீர்கள் என்று கேட்டார். ஒருத்தன் கல் போதவில்லை என்றான். ஒருத்தன் மழையில் சரிந்திருக்கும் என்றான். எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள்.

வேதகிரி வாயைத் திறந்தார். அங்கிருந்து பார்த்தால் கீழே இருளர் குடிசைகள் பதினொன்றும் தெரிந்தன. எல்லா வாசல் படலும் கயிற்றால் கட்டியிருந்தது. ஒரு புகை இல்லை, ஒரு குழந்தை இல்லை. தெரு நாயைத் துரத்துவது மாதிரி அவர்களை விடிகாலையில் துரத்திவிட்டு, அவர்கள் அடுக்கிய கல்லுக்கு இங்கே பதில் தேடிக்கொண்டு நிற்கிறோமே என்று அவருக்குச் சீ என்று ஆகிவிட்டது.

"எனக்குத் தெரியாதும்மா. நாங்க வெச்சது இல்ல. இந்த நோட்டுல கீறது முக்காவாசி பொய்யி. காவல் காத்தவங்கள நான்தான் திருமுக்கூடலுக்கு அனுப்பிட்டேன்."

பின்னாலிருந்து ஒருத்தன், கெடுத்தானே குடியை என்று பல்லைக் கடித்தான். வேதகிரி நிறுத்தவில்லை, நடவு நாளிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார். கார்டு இல்லாததால் அவர்களை உறுப்பினராக்க ரூல் இடம் கொடுக்கவில்லை என்பதையும் சொன்னார்.

எந்த ரூல் என்று கேட்டார் ஆதிலட்சுமி. ஊரில் குடியிருக்கிற எந்தக் குடும்பமும் சேரலாம் என்றுதான் ரூல், கார்டைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது, உங்களுக்குக் கொடுத்த புத்தகத்தில் மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது என்றார். அந்தப் புத்தகம் இரண்டு வருஷமாக வேதகிரி வீட்டு அலமாரியில் காலண்டருக்கு அடியில் கிடந்தது. அவர் போட்ட ரூல், அவர் வாயாலேயே ஊருக்கு ரூலாகிவிட்டது. பொய் நோட்டை நம்பி நான் கையெழுத்துப் போட முடியாது, பத்து நாள் தருகிறேன், ஊரைக் கூட்டி நாள் நாளாக உண்மையை எழுதுங்கள், நானும் வந்து உட்காருகிறேன், அதன் பிறகு ஏரியைப் பற்றிப் பேசுவோம் என்று அதிகாரி இறங்கிப் போனார்.

ஊர் வேதகிரியைக் கிழித்துத் தொங்கவிட்டது. சாயந்திரம் டிராக்டர் திரும்பியதும் அவர் மலையடிக்குப் போய், பதினோரு வீட்டுக்கும் உறுப்பினர் சீட்டுக் கொடுக்கிறோம் என்று சொன்னார். கங்கம்மாள் கடலை மண்ணைக் கையிலிருந்து தட்டிக்கொண்டே கேட்டாள். பிறகு, அப்படியானால் இனி எங்கள் முறையை மட்டும்தான் நாங்கள் பார்ப்போம், உங்கள் முறைக்கு ஏறமாட்டோம் என்றாள். தினம் வருகிற இரண்டு படி அரிசி நின்றுபோகுமே என்றார் வேதகிரி. அவருக்கு நிஜமாகவே விளங்கவில்லை.

"அரிசி வாங்கினா ஆளு நைனா. முறை வந்தாத்தான் வூடு."

பத்தாம் நாள் பள்ளிக்கூடத்து மைதானத்தில் கூட்டம். நூற்றேழு வீடும் வந்தது. வேப்ப மரத்தடியில் நாற்காலி போட்டு ஆதிலட்சுமி உட்கார்ந்திருந்தார். பீட்டர் பழைய நோட்டைப் பிரித்து ஒவ்வொரு தேதியாகப் படிப்பான். அந்த வீட்டுக்காரர் எழுந்து அன்று ஏறியது யார் என்று சொல்லவேண்டும். பீட்டர் அதைப் புது நோட்டில் எழுதுவான். முதல் சுற்று மளமளவென்று போயிற்று. அதற்குப் பிறகு ஊருக்கு நாக்கு கூச ஆரம்பித்தது. நான் போகவில்லை, கங்கம்மா போச்சு. நான் போகவில்லை, கேசவன் போனான். சிட்டம்மா. கங்கம்மா. கங்கம்மா. ஊர்ப் பொதுவில் என்றைக்கும் உரக்கச் சொல்லப்படாத அந்தப் பேர்கள் அன்று அத்தனை பேர் வாயாலும் வந்துகொண்டே இருந்தன. சொல்லச் சொல்ல ஊரின் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. இத்தனை நாளா, இத்தனை நாளா என்று பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். எப்பேர்ப்பட்ட வேலையைச் செய்துவிட்டு எவ்வளவு அமைதியாக அந்த ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறாள் இவள் என்று வேதகிரி பார்த்துக்கொண்டே இருந்தார்.

இரண்டாயிரம், தை இருபத்தெட்டு என்று பீட்டர் படித்தான். விசேஷம் இல்லை. இதுவும் கங்கம்மாதானே என்று யாரோ சொல்ல, அவன் எழுதப் போனான். கங்கம்மாள் எழுந்து நின்றாள்.

அன்று தான் ஏறவில்லை என்றாள். மகளுக்குப் பிரசவ வலி, எல்லோரும் அவளோடு ஆஸ்பத்திரியில் இருந்தோம், மலையில் யாருமே இல்லை என்றாள். போகட்டும் விடு, ஐந்நூறு நாளில் ஒரு நாள் என்று பீட்டர் பேனாவை நகர்த்தினான். அவள் உட்காரவில்லை.

"அன்னிக்கித்தான் வடக்குச் சரிவுல நெருப்புப் புடிச்சிது. ஊருக்குத் தெரியாத பக்கம். மறுநாள் போய் அணைக்கறதுக்குள்ள அறுபது கன்னு போச்சி. நான் போயிருந்தா போயிருக்காது. இத்தினி நாளா சொல்லாம வெச்சிருந்தேன். என் பேர்ல குத்தம்னு எழுதிக்கோ தம்பி."

அறுபது கன்றுக்காக ஒன்றேகால் வருஷமாக இவள் மனசுக்குள் புழுங்கியிருக்கிறாள்! மலையையே மொட்டையடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கிய ஊர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஆதிலட்சுமி நாற்காலியிலிருந்து எழுந்து வந்து பழைய நோட்டை வாங்கினார். தை இருபத்தெட்டுக்கு நேரே பீட்டரின் அழகான கையெழுத்தில் எந்த வீட்டுப் பேர் இருக்கிறது என்று பார்த்தார். பார்த்துவிட்டு, வாய்விட்டுப் படிக்காமல், முன்வரிசையைப் பார்த்தார்.

வேதகிரி அதற்குள் எழுந்துவிட்டார். தோள் துண்டு தானாகக் கைக்கு வந்திருந்தது. அவர் பேசியது அதிகாரியிடம் அல்ல.

"அது உன் குத்தம் இல்ல கங்கம்மா. அன்னிக்கி முறை என் வூடு. பீட்டரு, எழுது. தை இருபத்தெட்டு, வேதகிரி வூடு, காவலுக்கு வரல. அறுபது கன்னும் என் பேர்ல எழுது."

பீட்டர் எழுதினான். அன்று ஒரே பேனாதான் வைத்திருந்தான்.